குதிரைவாலும் ஒளுத் தண்ணீரும்

"இது சவுக்குல்ல வாப்பா? இதுக்கா ஊட்டியில இருந்து ஈரத்துணி சுத்தித் தூக்கிட்டு வந்த?"

புதுமடத்தில் அந்த வீட்டு முற்றத்தில் குதிரைவால் செடி வந்து இறங்கிய அன்று, அந்தம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். மகனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் சபரில் இருந்துவிட்டு, போதும் என்று ஊர் திரும்பியவர். பாலைவனத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்தவருக்குப் பச்சை மீது ஒரு பைத்தியம். கூட வேலை பார்த்த நண்பரைப் பார்க்க நீலகிரிக்குப் போனவர், நண்பரின் தேயிலைத் தோட்டத்து ஓடை ஓரத்தில் இதைப் பார்த்திருக்கிறார். பென்சிலைவிட மெல்லிய தண்டு, பச்சைக் குழாய் மாதிரி. இலை என்று ஒன்றும் இல்லை. மூங்கில் போலக் கணுக்கணுவாக இருக்கிறது. ஒவ்வொரு கணுவிலும் சட்டைக் காலர் வைத்தது போல ஒரு சின்ன உறை. பிடித்து இழுத்தால் கணுவில் 'டக்' என்று கழன்று வருகிறது. நண்பர், "எவ்வளவு வேணுமோ பிடுங்கிட்டுப் போ, இங்க இது களைதானே" என்று சொல்ல, இவர் வேரோடு ஒரு கொத்தை எடுத்து, துணியில் சுற்றி, பஸ் மாறி ரயில் மாறி ஊருக்குக் கொண்டு வந்துவிட்டார்.

"சவுக்கு இல்லம்மா. இது குதிரைவால்."

"குதிரைவாலியா? அத இந்த மணல்ல போட்டா வெளையுமா?"

ராமநாதபுரம் மாவட்டத்தில் இந்தக் குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். குதிரைவாலி என்றால் இங்கே எல்லோருக்கும் தானியம்தான். கடலை விட்டு உள்ளே போனால் மானாவாரி நிலங்களில் விளைவது, கஞ்சிக்கும் சோற்றுக்கும் ஆவது. கதிர் குதிரையின் வாலைப் போல இருப்பதால் அந்தப் பெயர். வறட்சியையும் தாங்கும், நாலு நாள் தண்ணீர் கட்டி நின்றாலும் அழுகாது. மழை வந்தால் ஒரேயடியாக வரும், வராவிட்டால் வரவே வராது என்கிற மாவட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த பயிர். ஆனால் அது புல் இனம். இவர் கொண்டு வந்தது வேறு. கல்லூரித் தாவரவியலில் டெரிடோபைட்டா பாடத்தில் வருகிற ஈக்விசிட்டம். லத்தீனிலும் அதே கதைதான். 'ஈக்வஸ்' என்றால் குதிரை, 'சீட்டா' என்றால் தடித்த மயிர். உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு கூட்டம் ஆட்கள் சம்பந்தமே இல்லாத இரண்டு செடிகளைப் பார்த்து ஒரே மிருகத்தின் ஒரே பாகத்தை நினைத்திருக்கிறார்கள். குதிரைக்குப் பெருமைதான் :-)

சவுக்கு என்று அந்தம்மா சொன்னதும் அறியாமையில் சொன்னதல்ல. கரோலஸ் லின்னேயஸே அப்படித்தான் யோசித்திருக்கிறார். 1759-ல் சவுக்குக்கு அவர் வைத்த பெயர் 'கேசுவரினா ஈக்விசிட்டிபோலியா'. முதல் பாதி, கசோவாரிப் பறவையின் இறகைப் போலத் தொங்குவதால். இரண்டாம் பாதிக்கு 'குதிரைவால் போன்ற இலை உடையது' என்று அர்த்தம். பாக் நீரிணைப் பக்கம் அரியமான் கடற்கரைக்குப் போய் சவுக்கு நிழலில் உட்கார்ந்து, கீழே கிடக்கிற ஊசி ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஊசி என்று நாம் நினைப்பது இலையே அல்ல, மெல்லிய கிளை. அதிலும் கணு உண்டு. கணுவில் பல் பல்லாக நிற்கிற சின்னச் செதில்கள்தான் உண்மையான இலை. கணுவில் இழுத்துக் கழற்றி, மறுபடி செருகி, "எங்க ஒட்டியிருக்கு சொல்லு" என்று பிள்ளைகள் விளையாடுவார்களே, அதே விளையாட்டைக் குதிரைவாலிலும் விளையாடலாம். இவருடைய மகள் வந்த அன்றே விளையாடிவிட்டாள், ஐந்தாறு தண்டு காலி.

ஆனால் இரண்டுக்கும் ரத்த உறவு கிடையாது. சவுக்கு பூக்கிற மரம். வெளிநாட்டிலிருந்து வந்து, 19-ஆம் நூற்றாண்டில் ரயில் என்ஜினுக்கு விறகு வேண்டும் என்று சோழமண்டலக் கரையில் வரிசை வரிசையாக நடப்பட்டது. குதிரைவாலுக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. பெரணியைப் போல வித்துத் தூளால் பெருகுகிற கூட்டம். ஒரு காலத்தில் பெரிய குடும்பம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இதன் உறவான கேலமைட்டிஸ் தென்னையை விட உயரமாகச் சதுப்புக் காடுகளில் நின்றது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெட்டி எடுக்கிற நிலக்கரியில் அந்தக் காடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊர் ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரியில் பெரும்பங்கு குளோசாப்டெரிஸ் என்கிற வேறு மரத்துடையது. ஆனால் அந்தப் பாறைகளிலும் ஸ்கைசோநியூரா என்று குதிரைவாலின் தூரத்துச் சொந்தம் ஒன்று கணுவோடு பதிந்து கிடக்கிறது. (நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் தேட வேண்டாம். அது ரொம்பப் பிற்காலம், பூக்கும் மரங்களின் காலம்.) அந்தப் பெரிய குடும்பத்தில் இன்று உயிரோடு மிஞ்சியிருப்பது ஈக்விசிட்டம் என்கிற ஒரே ஒரு பேரினம். அதில் பதினைந்து, பதினெட்டு சிற்றினங்கள், அவ்வளவே. நீலகிரி ஓடையில் நிற்பது அதில் ஒன்று. ராக்ஸ்பரோ அதற்கு 'டெபைல்' என்று பெயர் கொடுத்தார். பலவீனமானது என்று பொருள்.

பலவீனமானது என்பதைப் புதுமடத்து வெயில் மூன்றே வாரத்தில் நிரூபித்துக் காட்டியது.

தப்பு தண்ணீரில் இருந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மணல் ஊர் புதுமடம். மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் கடலிலிருந்து ஊடுருவி நிற்கிற உப்புத் தண்ணீரின் மேலே ஒரு படலமாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. கைபென், ஹெர்ஸ்பெர்க் என்று இரண்டு ஐரோப்பியர்கள் நூறு வருஷத்துக்கு முன்னால் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. கேட்க சந்தோஷமாக இருக்கும். ஆனால் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு மேலே ஓர் அடி இறக்கினால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் நாக்கில் ஏன் கரிக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அந்த வீட்டுக் கிணறும் அப்படித்தான். கார்த்திகையில் இனிக்கும், மாசியில் சப்பென்று ஆகும், சித்திரையில் குளிக்க மட்டும்தான். குடிக்கவும் சோறு வடிக்கவும் குழாய்த் தண்ணீர். அது வராத நாளில் விலைக்குக் குடம். இவர் பாத்திக்குப் பதிலாகப் பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்றில் மணல் நிரப்பி, செடியை நட்டு, தாராளமாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். ஈரம் விரும்புகிற செடிதானே, நிறைய ஊற்றினால் நிறைய வளரும் என்று நினைப்பு. வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுப் போனது. விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு. தண்டின் நுனி பழுத்து, பிறகு பழுப்பாகி, கணுக்கணுவாகக் கழன்று விழ ஆரம்பித்தது.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். இரவு எல்லோரும் படுத்த பிறகு, அடுப்படியில் இருந்த குடிதண்ணீர்க் குடத்திலிருந்து இரண்டு செம்பு எடுத்துத் தொட்டியில் ஊற்றினார்.

சுபுஹுக்கு எழுந்த உம்மாவுக்குக் குடத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. விளக்குக்கூடப் போடவில்லை, இருட்டிலேயே குடத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு செம்பு கொறையுது" என்றார். மகன் ஒப்புக்கொண்டார். அந்தம்மா சத்தம் போடவில்லை. இரண்டு நாள் மகனோடு பேசவில்லை, அவ்வளவுதான். ஐம்பது வயது ஆள் உம்மா பேசவில்லையே என்று திண்ணைக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

இதில் அந்தம்மா பக்கமே நியாயம் அதிகம். அவர் குமரிப் பெண்ணாக இருந்தபோது இந்தக் கரையில் குழாய் கிடையாது. விடிவதற்கு முன்னால் பெண்கள் குடத்தோடு கூட்டமாகப் போய் மணலில் ஊற்றுத் தோண்டி உட்காருவார்கள். ஊற்று என்றால் பொங்கி வராது, கசியும். சிரட்டையால் ஒரு அள்ளு அள்ளிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும், அப்புறம் அந்தக் குழியை மூடிவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். கைபென், ஹெர்ஸ்பெர்க் இரண்டு பேரும் எழுதி வைத்ததை இந்தப் பெண்கள் சிரட்டையால் படித்திருக்கிறார்கள். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அப்படி வந்த தண்ணீரில் வளர்ந்த பிள்ளை, காய்க்காத, பூக்காத, ஆடுகூடத் திங்காத ஒரு புல்லுக்கு இரண்டு செம்பு குடிதண்ணீரை ஊற்றினால் கோபம் வராதா?

மூன்றாம் நாள் அந்தம்மாவே பேசினார். "தென்னைக்கு ஊத்தினா தேங்கா. முருங்கைக்கு ஊத்தினா கீர. இதுக்கு ஊத்தினா என்னா?"

மகனிடம் பதில் இல்லை. 30 கோடி வருஷம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். "அத்தன வருஷம் இருந்தது நம்ம வீட்டுக்கு வந்தா சாவணும்?" என்று அந்தம்மா திருப்பிக் கேட்டார். தொட்டியில் இருந்த அத்தனையும் அதற்குள் செத்துப் போயிருந்தது.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் மகள் விளையாடிப் போட்ட துண்டுகளில் இரண்டை யாரோ ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அடுப்படி ஜன்னலில் வைத்திருந்தார்கள். ஒரு நாள் பார்த்தால் கணுவிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர், பக்கத்தில் பச்சையாக ஒரு குருத்து. யார் வைத்தது என்று கேட்டால் மகள் நான் இல்லை என்கிறாள், மனைவி நான் இல்லை என்கிறார். அந்தம்மா கேள்வியே காதில் விழாத மாதிரி கருவாடு சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

தண்ணீருக்கு வழியைச் சொன்னதும் அந்தம்மாதான். "ஒளுத் தண்ணி சும்மாதான மணல்ல போகுது."

ஓடுகிற ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவுக்குத் தண்ணீரை விரயம் செய்யாதே என்பது நபிமொழி. ஒரு 'முத்து', அதாவது இரண்டு கையும் சேர்த்து அள்ளுகிற அளவுத் தண்ணீரில் நபி ஒளு செய்ததாகவும் ஹதீஸ் உண்டு. அந்தம்மா அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒரு கெண்டித் தண்ணீருக்கு மேல் போக மாட்டார். அதில் உடம்பில் ஒட்டுவது போக மிச்சமெல்லாம் கீழேதான் விழுகிறது. சோப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, முக்கியமாக உப்பு கிடையாது. கிணறு கரிக்கத் தொடங்கினால் அந்தம்மா ஒளுவுக்குக் குழாய்த் தண்ணீர்தான் எடுப்பார். வீட்டில் மூன்று பெண்கள், ஐந்து வக்து. ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் என்று குறைவாகப் பார்த்தாலும் நாளைக்கு 15 லிட்டர். இந்த அளவுத் தொட்டி பங்குனி வெயிலில் எடுத்துக்கொள்வது மூன்று நாலு லிட்டர். மிச்சம் முருங்கைக்கு.

ஒளு செய்ய உட்காருகிற கல்லைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டு, அதன் அடியில் அரை அடி பிவிசி குழாய் ஒன்றைச் செருகி, தண்ணீர் நேரே தொட்டிக்குள் போகும்படி இவர் செய்தார். தொட்டியை இந்தத் தடவை முருங்கை நிழலுக்கு மாற்றினார். காலை வெயில் மட்டும் படும், உச்சி வெயில் படாது. உப்பேறிய பழைய மணலைக் கொட்டிவிட்டு, கண்மாய் வண்டல் ஒரு பங்கு, மழையில் அலசின மணல் இரண்டு பங்கு. உரம் ஒன்றும் போடவில்லை. இதற்கு முக்கியமாக வேண்டியது மண்ணிலிருந்து சிலிக்கா, அதற்குப் புதுமடத்தில் பஞ்சமே இல்லை, ஊரே மணல்தான். வேர்விட்ட துண்டுகளைச் செங்குத்தாக நடாமல் கணு மண்ணில் படும்படி படுக்க வைத்து, மேலே ஓர் அங்குலம் மண்.

தண்ணீர் தேங்கலாமா கூடாதா என்பதில் ஒரு சிக்கல் வந்தது. செடிக்குத் தேங்கினால் சந்தோஷம். ஆனால் ஒரு வாரம் தேங்கினால் போதும், டெங்குக் கொசு முட்டையிட்டுப் புழுவாகிப் பறந்தே போய்விடும். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக டார்ச் அடித்துப் பார்க்கிற காலம். இவர் கண்டுபிடித்த வழி சுலபமானது. தொட்டியில் தண்ணீர் மட்டம் எப்போதும் மணலுக்கு ஓர் அங்குலம் கீழேயே இருக்கும்படி பக்கத்தில் ஒரு வடிகால் ஓட்டை. மேலே பார்த்தால் ஈர மணல், உள்ளே நிறைய தண்ணீர். கொசுவுக்கு முட்டையிட இடமில்லை, வேருக்குத் தாகமில்லை. பணியாளர் வந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போனார். வடிகிற தண்ணீரை வெளியே மண்ணில் விடாமல் ஒரு வாளியில் பிடித்தார்கள். அதற்குக் காரணம் உண்டு.

அடியில் ஓட்டை போட வேண்டாம், தொட்டியைத் தரையில் புதைக்கவும் வேண்டாம் என்பதில் இவர் பிடிவாதமாக இருந்தார். குதிரைவாலின் பலமெல்லாம் தரைக்குக் கீழே. மேலே வெட்ட வெட்ட, கீழே ஆளுயரத்துக்கும் கீழே ஓடுகிற கிழங்குத் தண்டிலிருந்து மறுபடி வரும். விரல் நீளத் துண்டு ஒன்று போதும், புதுச் செடிக்கு. நியூசிலாந்தில் இதன் உறவு ஒன்று பெரிய களை. ஆஸ்திரேலியாவில் குதிரைவால் இயற்கையாகவே கிடையாது, சில மாநிலங்களில் வளர்க்கவும் விற்கவும் தடையே போட்டிருக்கிறார்கள். இன்னொரு வேடிக்கை, இந்தக் கூட்டத்தில் சிலதைக் குதிரைகள் தொடர்ந்து தின்றால் வைட்டமின் பி1 அழிந்து நோய்ப்படும். குதிரைவால், குதிரைக்கே ஆகாது!

நம் நாட்டுச் செடிதானே, அந்நியச் செடி இல்லையே என்று கேட்கலாம். இவருடைய மச்சானும் அதைத்தான் கேட்டார். செடி தொட்டி நிறைய வந்து, பச்சைப் பாய் விரித்த மாதிரி அழகாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு கொத்துக் குடு மச்சான், ஊருணிக் கரையில வெப்போம், பாக்க நல்லாருக்கும், கர மண்ணும் சரியாது" என்றார். யோசனை ஒன்றும் மோசமில்லை. ஓடைக் கரையில் மண்ணைப் பிடித்து வைப்பதுதான் இதன் வேலையே. ஆனால் இவர் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

நீலகிரியில் நாட்டுச் செடி என்பதால் கடற்கரை ஊருணியிலும் நாட்டுச் செடி ஆகிவிடாது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. விறகுக்கு ஆகும் என்று வரவேற்ற சீமைக் கருவேலம் கண்மாயெல்லாம் ஏறி உட்கார்ந்திருப்பதை எல்லோரும் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறார்கள். கடலுக்குள்ளும் அதே கதை. மண்டபம் பக்கம் மிதவையில் கட்டி வளர்க்கிற கப்பாபைக்கஸ் பாசி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதனால் நிறையப் பெண்களுக்கு வருமானம் கிடைத்தது என்பது உண்மை. அதே பாசி குருசடைத் தீவில் பவளப்பாறைகள் மேல் படர்ந்திருப்பதாக 2008-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஆய்வுக் கட்டுரை வந்ததும் உண்மை. அதுவும் துண்டு விழுந்தால் வளர்கிற ஜாதிதான். ஊருணி என்றால் ஊரே குடிக்கிற தண்ணீர். அதில் கிழங்கு இறங்கிவிட்டால் பிடுங்குவதற்கு ஊருணியைத்தான் தோண்ட வேண்டும்.

மச்சானுக்குக் கோபம். "ஒரு புல்லக் குடுக்க மனசில்ல" என்று டீக்கடையில் சொல்லிவிட்டார். இரண்டு குடும்பத்துக்கும் நடுவே கொஞ்ச நாள் ஒரு மாதிரிதான் இருந்தது. மச்சான் வீட்டிலிருந்து வழக்கமாக வருகிற வட்டிலப்பம் அந்தப் பெருநாளுக்கு வரவில்லை. நல்லது என்று நினைத்துச் செய்ததற்கு வட்டிலப்பம் போனது இவருக்கு ரொம்ப வருத்தம். உம்மாதான், "குடுக்காதது சரி. வீட்டுக்குப் போயி ஒக்காந்து சொல்லிருக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னார். இவர் போனார், உட்கார்ந்தார், சொன்னார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வட்டிலப்பம் வந்தது.

தொட்டியில் செடி நெருக்கமாகிவிட்டால் பழைய தண்டுகளை அடியோடு வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் புதுக் குருத்து நிமிர்ந்து வரும். வெட்டிப் போடுகிற தண்டை என்ன செய்வது? குப்பையில் போட்டால் எங்காவது முளைக்கும். இவர் வெயிலில் நன்றாகக் காயவைத்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் காய்ந்த தண்டு ஒன்றை உம்மாவிடம் கொடுத்து, நகத்தால் வருடிப் பார்க்கச் சொன்னார். அரம் மாதிரி சொரசொரப்பு. மண்ணிலிருந்து இழுத்த சிலிக்காவையெல்லாம் இந்தச் செடி தோலில்தான் அடுக்கி வைக்கிறது. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் இதை வைத்துத்தான் ஈயப் பாத்திரம் தேய்த்தார்கள். ஜப்பானில் இதன் பெயரே சாணைப் புல் என்கிற மாதிரி வரும், மர வேலைக்கு இழைப்பதற்கு வைத்திருப்பார்கள்.

அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. அசர் நேரத்துக்கு முன்னால் பார்த்தால் பித்தளைக் கெண்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஒரு பிடி தண்டைச் சுருட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார். புளியும் மணலும் போட்டுத் தேய்த்து எத்தனையோ வருஷக் கீறல் விழுந்த கெண்டி. அது அவருடைய உம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. மூக்குப் பக்கம் மணல் போகாத இடுக்கில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. ஒற்றைத் தண்டை இடுக்கில் விட்டு முன்னும் பின்னும் இழுத்ததில் அது போய்விட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முந்தியே சொல்லிருக்கலாம்ல" என்றார் மகனைப் பார்த்து.

அதற்குப் பிறகு தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அந்தம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். வெளியூர் போனால், "கெண்டி தேய்க்கிற புல்லுக்கு யாரு ஊத்துறது" என்று போன் போட்டுக் கேட்பார். சவுக்கு, குதிரைவாலி, குதிரைவால் எல்லாம் போய் அந்த வீட்டில் அதற்குக் கெண்டிப்புல் என்றே பெயர் ஆகிவிட்டது.

ஒரு தை மாதம், மழை முடிந்து கிணறு இனித்துக்கொண்டிருந்த சமயம், சில தண்டுகளின் உச்சியில் மட்டும் சின்னதாக ஒரு மொட்டு மாதிரி வந்தது. பூ வந்துருச்சு என்று மகள் கத்தினாள். பூ இல்லை, கூம்பு. அறுகோணச் சில்லுகளைக் கட்டி அடுக்கியது போல இருக்கும். ஒவ்வொரு சில்லுக்கும் பின்னால் பைகள், பைக்குள் வித்துத் தூள். நாலைந்து நாளில் கூம்பு விரிந்து, தட்டினால் பச்சைப் பொடி கொட்டியது. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பாடத்தில் இதைப் படித்திருக்கிறாள். பள்ளியிலிருந்து ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கிவந்து, வெள்ளைக் காகிதத்தில் பொடியைக் கொட்டி, வாப்பும்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

ஒவ்வொரு வித்துக்கும் நாலு கை உண்டு. காற்று காய்ந்திருந்தால் கையை விரிக்கும், ஈரம் பட்டால் சுருட்டிக்கொள்ளும். விரிந்து சுருண்டு, விரிந்து சுருண்டு அப்படியே தள்ளாடி நடக்கும். சில சமயம் துள்ளிக் குதித்துக் காற்றில் ஏறிவிடும். பிரான்ஸில் சில ஆய்வாளர்கள் அதிவேகக் கேமரா வைத்து அதைப் படம் பிடித்து 2013-ல் வெளியிட்டார்கள். மூளையும் தசையும் இல்லாத ஒரு தூள், காற்றில் இருக்கிற ஈரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடக்கிறது.

"ஊதுங்க வாப்பும்மா, லேசா. வாய் ஈரம் படணும்."

அந்தம்மா கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினார். பொடி முழுக்கச் சுருங்கியது. மூச்சை நிறுத்தினார். சில நொடிகளில் பொடி முழுக்க எறும்புக் கூட்டம் போல நெளிந்து விரிந்தது.

"அல்லாவே, உசுரு இருக்கு" என்றவர், மறுபடி ஊதினார். மகள் கண்ணாடியைக் கேட்டாள், அவர் கொடுக்கவில்லை. அசருக்குப் பாங்கு சொல்லி முடியும் வரை ஊதிக்கொண்டே இருந்தார்.